என் சவுக்கும் ஓரகத்தியின் கிறிஸ்துமஸ் மரமும்

விறகு மண்டிக்காரிக்கு வருஷம் முழுக்க அடுப்புதான் வாடிக்கை. மார்கழி பிறந்து முதல் பத்து நாள் மட்டும் கிறிஸ்துமஸும் வாடிக்கை.

எழுபதுகளில் தொடங்கி எண்பதுகளின் கடைசி வரைக்கும் ஆரணியில் நான் சவுக்கு விறகோடு சேர்த்துக் கிறிஸ்துமஸ் மரமும் விற்றேன். பக்கத்துக் கடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே தன் கடைக்கு வந்தவருக்குப் பதில் சொல்லிப் பழகியவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், என் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது. அவர்கள் நல்லவர்கள்.

குப்பையில் இருந்த நுனி

எங்கள் மண்டிக்குச் சவுக்கு கடற்கரைப் பக்கமிருந்து லாரியில் வரும். வெட்டிய ஈரத்தோடு ஏற்றிவிடுவதால் சில மரங்களில் பச்சை நுனி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். நுனி தராசில் நிற்காது, அடுப்பில் வைத்தால் வீடு பூராவும் புகை. கட்டை அடுக்குகிற முனுசாமி அதையெல்லாம் தறித்து மூலையில் எறிந்துவிடுவான்.

ஒரு மார்கழியில் ஆஸ்பத்திரி நர்ஸ் ரோசம்மா விறகு வாங்க வந்தாள். பில் போடும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் அந்த மூலைக்குப் போய்விட்டாள். நுனிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தி, தள்ளி நின்று பார்த்து, புடவைக் கடையில் முந்தானையை விரித்துப் பார்ப்பதுபோலக் கிளையை விரித்து விரித்துப் பார்த்தாள். கடைசியில் தன் உயரத்துக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். “குப்பைக்கு எதுக்கும்மா காசு?” என்றேன். கேட்காமல் இரண்டு ரூபாயை என் மேசையில் வைத்தாள்.

விறகை வண்டியில் போடச் சொல்லிவிட்டு, நுனியை மட்டும் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினாள். எனக்கு அப்போதே வயிறு எரிந்தது. நான் குப்பை என்று சொன்னதை வைத்துக்கொண்டு ஒருத்தி இவ்வளவு சந்தோஷமாகப் போகிறாளே, நான் என் வீட்டுக்கு எதையாவது இப்படி எடுத்துக்கொண்டு போயிருக்கிறேனா என்று யோசித்தேன். “இத வச்சிகினு இன்னா பண்ணுவீங்க?” என்று கேட்டேன். ரிக்‌ஷா நகரும்போது சொன்னாள்:

“எப்படியும் எரியப் போற மரம்தானம்மா. அதுக்கு முன்னாடி பத்து நாளு எங்க வூட்ல ஜோரா இருந்துட்டுப் போவட்டும்.”

தறிக்கு மேலே இரண்டு முழம்

அடுத்த வருஷத்திலிருந்து லாரிக்காரரிடம் சொல்லிவைத்து நுனியோடே கொண்டுவரச் செய்தேன். உயரத்துக்கு ஏற்ற விலை: ஒரு ரூபாயிலிருந்து மூன்று ரூபாய் வரை. ஊரிலிருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம் என்னிடம்தான் வந்தன. நான் எந்தக் கோயிலுக்குப் போகிறவள் என்று யாரும் கேட்கவில்லை. ‘மரத்தம்மா’ என்று பேர்கூட வந்துவிட்டது.

முள்ளிப்பட்டிலிருந்து தேவசகாயம் என்கிற நெசவாளி சைக்கிளில் வருவார். கையில் ஒரு துண்டு நூல் வைத்திருப்பார். அதுதான் அவர் வீட்டில் தறிக்கும் கூரை ஓட்டுக்கும் நடுவிலுள்ள உயரம். இரண்டு முழத்துக்கு மேல் இராது. அறை முழுக்கத் தறியே நிற்கிறதாம், மரத்தைத் தறிக்கு மேலேதான் வைக்கமுடியுமாம். நூலைப் பிடித்துப் பிடித்து ஒரு மணி நேரம் தேடுவார். பட்டையாக இருந்தால் வேண்டாம், வளைந்திருந்தால் வேண்டாம். ஒரு ரூபாய் மரத்துக்கு இந்தப் பாடா என்று எனக்குப் பேஜாராக இருக்கும்.

“இருக்கற எடத்துல இதையும் கொண்டுபோய் வைக்கணுமா?” என்று ஒரு தரம் கேட்டேவிட்டேன். அவர் சொன்ன பதிலைக் கேட்டு அன்றைக்கு முழுக்க என் வீட்டுக்காரர் ஏழுமலையோடு நான் பேசவில்லை. அவர் என்ன குற்றம் செய்தார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. தேவசகாயம் சொன்னது இதுதான்:

“இந்த வூட்ல தறிக்குத்தான் எடம், எனக்கு ஏது எடம்னு எம்பொண்டாட்டி வருஷம் பூரா கேக்கறா. பத்து நாளைக்காவது தறிக்கு மேல அவளுக்குப் புடிச்சது ஒண்ணு இருக்கட்டுமே.”

வேலிக்கு அந்தப் பக்கம்

இந்தச் சுகம் ஐந்தாறு வருஷம்தான். மாமனார் போனபிறகு மண்டி இருந்த மனையை அண்ணன் தம்பி இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு மூங்கில் படல் வேலி. இந்தப் பக்கம் எங்கள் விறகு. அந்தப் பக்கம் கொழுந்தன் கோதண்டம் என்ன செய்வதென்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, அவன் பெண்டாட்டி மல்லிகா செடிக்கடை போட்டாள்.

மல்லிகா படவேட்டுப் பெண். அப்பா வீட்டில் வாழையும் பூவும் போட்டு வளர்ந்தவள். அவள் கை பட்டால் காய்ந்த குச்சியும் துளிர்க்கும். என்னைவிட எட்டு வயது சின்னவள். ‘அக்கா, அக்கா’ என்று கூப்பிடுவாள், சமைத்தால் ஒரு கிண்ணம் வேலிக்கு மேலே நீட்டுவாள், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவளிடம் ஒரு கெட்ட குணமும் கிடையாது. அவளிடம் எனக்குப் பிடிக்காத குணமே அதுதான்.

முதல் வருஷம் ரோஜாவும் குரோட்டன்ஸும் வைத்திருந்தாள். நான் கவலைப்படவில்லை. இரண்டாம் வருஷம் ஐப்பசியில் அவள் மாமா பெங்களூரிலிருந்து ஐந்து தொட்டிகளில் ஏதோ செடி கொண்டுவந்து இறக்கினார். நேராக நிற்கிற தண்டு, அதைச் சுற்றி அடுக்கடுக்காக, குடை விரித்த மாதிரி கிளை. என் சவுக்கு நுனி அதன் பக்கத்தில் நின்றால் தலை வாராத பெண்போல இருக்கும். ஓலைப் பந்தல் போட்டு, வெயில் படாமல், காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து அதை வளர்த்தாள். “இன்னாடி இது?” என்று வேலி ஓரம் நின்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“கிறிஸ்துமஸ் மரம் அக்கா. நெஜமாவே இதுதான் கிறிஸ்துமஸ் மரமாம்.”

வாடகை மரம்

அவள் அதை விற்கவில்லை. பத்து நாளைக்கு வாடகைக்கு விட்டாள். ஐந்து ரூபாய் கொடுத்துத் தொட்டியோடு எடுத்துப் போகவேண்டியது, புதுவருஷம் பிறந்ததும் திருப்பிக் கொண்டுவந்து விடவேண்டியது. இந்த யோசனை எனக்கு வரவில்லையே என்பது ஒரு வருத்தம். வந்திருந்தாலும் விறகை வாடகைக்கு விடமுடியாது என்பது இன்னொரு வருத்தம்.

முதலில் போனது யார் தெரியுமா? ரோசம்மா. என்னிடம் வந்து, வழக்கம்போல நுனிகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண் வேலிக்கு அந்தப் பக்கம் போனதை நான் பார்த்தேன். கல்யாண வீட்டில் நம்மோடு பேசிக்கொண்டே நமக்குப் பின்னால் வருகிறவளின் நகையைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. “இருங்கம்மா, சும்மா பாத்துட்டு வரேன்” என்று போனாள். திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் தொட்டி இருந்தது.

எனக்குக் கோபம் இல்லை என்று காட்ட, “அஞ்சு ரூவாயா? நம்மகிட்ட மூணுதான்” என்று மெதுவாகச் சொன்னேன். ரோசம்மா எனக்குச் சமாதானம் சொல்கிற தோரணையில் சொன்னாள்:

“உங்களுத பாத்தா பத்தாம் நாளு மனசு கஷ்டமா இருக்கும்மா, அப்படியே செவந்து கொட்டிடுது. இது அடுத்த வருஷம் வந்து பாத்தா எம்பிள்ளைங்களாட்டம் வளந்து நிக்குமாம்.”

ஒரே ஒரு விசுவாசி

எல்லோரும் ஓடிவிடவில்லை. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்த ஒருவர் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் எட்டியும் பார்க்காமல் என்னிடமே வந்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாற்காலி போட்டேன், மோர் கொடுத்தேன், இருந்ததில் நல்ல நுனியாகத் தேடி எடுத்து, அரை ரூபாய் குறைத்தும் கொடுத்தேன். சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

“நல்ல மரம் பக்கத்துக் கடையில கீது, தெரியும். நமக்கு இது போதும்மா.”

டீச்சரின் கை

ஊரிலேயே பெரிய மரம் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வேண்டும். ஹாலில் வைத்துச் சுற்றி நின்று பாடுவார்கள், ஊரே போய்ப் பார்க்கும். அந்த மரம் வருஷா வருஷம் என்னுடையது. லாரி லோடிலேயே அதற்கென்று ஒரு பதினோரு அடி நுனி வரும். எவள் என்ன வாடகைக்கு விட்டாலும் பள்ளிக்கூட மரம் என்னுடையது என்பதில்தான் நான் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

வாடகை மரம் வந்து இரண்டு வருஷம் கழித்து, பள்ளிக்கூடத்துக்கு மரம் வாங்குகிற பொறுப்பு ஜெயமதி டீச்சரிடம் வந்தது. டிராயிங் டீச்சர். வந்தவாசிப் பக்கத்து ஜைனக் குடும்பம். பூச்சி மிதிபட்டுவிடும் என்று குனிந்து பார்த்து நடக்கிறவர். என் பதினோரு அடி நுனியைக் காட்டினேன். சுற்றிவந்து பார்த்தார். பிறகு வெட்டிய அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார். கையில் ஈரம் ஒட்டியது. அந்தக் கையை முந்தானையில் துடைக்காமல் அப்படியே விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் மல்லிகாவின் தொட்டிகளில் உயரமானது, இரண்டு வருஷத்தில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது, தண்ணீர் தெளித்துப் பளபளவென்று நின்றது.

நான் உடனே, “விறகுக்கு வெட்டுனதுதான் டீச்சர், உங்களுக்குன்னு வெட்டல” என்றேன். அது உண்மையில்லை; அவருக்கென்றுதான் வெட்டச் சொல்லியிருந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அதுவும் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. கோபமே இல்லாமல் சொன்னார்:

“மரம் ரொம்ப லட்சணமாத்தான் இருக்குதும்மா. ஆனா இதுக்குக் கீழ நின்னுகினு பசங்கள சந்தோஷமா பாடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது.”

கட்டை சரிந்தது

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை இல்லாத விஷயம். டீச்சர் பள்ளிக்கூடத்துக்கென்று மல்லிகாவிடம் சொல்லிவைத்துவிட்டுப் போன அந்த மரம் வேலிக்கு அந்தப் பக்கம் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. தராசில் கல் வைக்கும்போது தெரிகிறது, சோறு சாப்பிடும்போது தெரிகிறது. புது லோடு வந்ததும் முனுசாமியிடம், “வேலி ஓரமா அடுக்கு, ஒசரமா அடுக்கு” என்றேன். மறைத்துவிட்டால் என் கடைக்கு வருகிறவர்களுக்காவது தெரியாது அல்லவா? முனுசாமி, “அந்தாண்ட மண்ணு இளகி கீதும்மா, மழ பேஞ்சா தாங்காது” என்றான். “சொன்னதச் செய்” என்றேன். ஆள் உயரத்துக்கு மேல் ஏறியது அடுக்கு. லேசாக அந்தப் பக்கம் சாய்ந்தும் இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று நினைத்தேன்.

இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலை, நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது, லாரியிலிருந்து லோடு கவிழ்க்கிற மாதிரி ஒரு சத்தம். கூடவே மல்லிகாவின் குரல். நான் ஓடினேன். வேலி படுத்துக் கிடந்தது. பந்தல் பாதி உட்கார்ந்திருந்தது. கட்டைகளுக்கு நடுவில் மல்லிகா, ஒரு காலை நீட்டிக்கொண்டு, சேற்றில் உட்கார்ந்திருந்தாள். மழைக்குத் தொட்டிகளை உள்ளே இழுக்க வந்தவள். கணுக்காலில் கட்டை விழுந்து வீங்கியிருந்தது. ஒரு முழம் இந்தப் பக்கம் நின்றிருந்தால் தலையில் விழுந்திருக்கும். மூன்று தொட்டி உடைந்து போனது. பள்ளிக்கூடத்து மரம் நடுவில் முறிந்து கிடந்தது.

அவளைத் தூக்கி உட்காரவைத்து, வீக்கத்துக்குத் துணி நனைத்துக் கட்டும்போது, “மண்ணு இளகிப் போச்சுடி” என்றேன். அவள் முறிந்த நுனியைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“அடுக்கு இந்தாண்ட சாஞ்சிகினு இருந்தது எனக்கு முந்தாநாளே தெரியும் அக்கா. சொன்னா சண்டைக்கு வரேன்னு நெனப்பீங்களோன்னு வாய மூடிகினு இருந்துட்டேன். நானும் தப்பு பண்ணிட்டேன்.”

அடுப்பு பற்றவைக்கிற அட்டை

அன்று மதியம் ஜெயமதி டீச்சர் வந்தார். மறுநாள் சாயங்காலம் விழா. மிச்சமிருந்த தொட்டி மரம் இரண்டும் இடுப்பு உயரம்தான். அவ்வளவு பெரிய ஹாலில் காணாமல் போய்விடும். டீச்சர் குனிந்து முறிந்த மரத்தைத் தொட்டுப் பார்த்தார். என் பதினோரு அடி நுனி இன்னும் அங்கேயேதான் இருந்தது. அதைக் காட்ட எனக்கு வாய் வரவில்லை. மல்லிகா மட்டும், “பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டு மாமாவக் கேக்கட்டுமா?” என்று காலைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள். உள்ளதைச் சொல்கிறேன். என்னை அப்போது எழுப்பிவிட்டதில் பாதி குற்ற உணர்ச்சி, மீதிப் பாதி, இந்த நிலையிலும் இவளே நல்ல பேர் வாங்கிவிடப்போகிறாள் என்ற பயம்.

எங்கள் மண்டியில் அடுப்பு பற்றவைக்கப் பழைய டிசைன் அட்டை விற்போம். புடவையில் பூவும் கொடியும் விழுவதற்காகத் தறிக்கு மேலே வரிசையாகக் கோத்துத் தொங்கவிடுகிற அட்டைகள் அவை. டிசைனுக்குத் தகுந்தபடி துளை துளையாக இருக்கும். டிசைன் மாறிவிட்டால் நெசவாளிகள் மூட்டையாகக் கட்டி எங்களிடம் போட்டுவிட்டுப் போவார்கள். கூரைக்குக் கீழே நனையாமல் நாலு மூட்டை இருந்தது. ஒன்றை அவிழ்த்து ஒரு சரத்தை உயரத் தூக்கினேன். மழை விட்டு அடித்த வெயில் அதன் வழியாக வந்து என் புடவை மேலெல்லாம் பொட்டுப் பொட்டாக விழுந்தது. “டீச்சர், நாளைக்கு மத்தியானம் வாங்க” என்றேன்.

என் பக்கம் எல்லாம் ஈரம் என்பதால் மல்லிகாவின் பந்தலில் மிச்சமிருந்த பாதியில்தான் வேலை நடந்தது. முனுசாமி மூங்கிலைப் பிளந்து, மேலே கூராகவும் கீழே அகலமாகவும் பதினோரு அடிக்கு ஒரு கூண்டு கட்டினான். நான் சரம் சரமாக அட்டையைச் சுற்றினேன். மல்லிகா காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, அறுந்த சரங்களை முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். கூண்டுக்கு நடுவில், அட்டையில் படாத தூரத்தில், எலக்ட்ரிஷியன் ஒருவர் வந்து இரண்டு பல்பு தொங்கவிட்டார். அந்த ஒரு நாளில் நாங்கள் இருவரும் பேசியது கொஞ்சம்தான். கட்டை அடுக்கியதைப் பற்றி மறுபடி அவள் கேட்கவில்லை. நான், “வேணும்னுதான் அங்க அடுக்கச் சொன்னேன்” என்றேன். “தெரியும், அந்த முடிச்ச இழுத்துக் கட்டுங்க” என்றாள்.

மறுநாள் டீச்சர் வந்து சுற்றிவந்து பார்த்தார். ஒரு அட்டையைத் தொட்டு, “இது பட்டுத் தறியில இருந்ததா?” என்று கேட்டார். பூச்சியைக் கொன்று எடுப்பது என்று பட்டைக்கூடத் தொடாதவர் அவர். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது:

“நான் பட்டு கட்டறதில்ல. ஆனா அட்டை யாரையும் ஒண்ணும் பண்ணலையே, பாவம். ஜல்தியா வண்டியில ஏத்துங்க.”

பெரிய மனசு

ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு மரத்துக்குள் இருந்த பல்பைப் போட்டார்கள். சுவர், கூரை, பிள்ளைகள் முகம் எல்லா இடத்திலும் வெளிச்சப் பொட்டுகள். எத்தனையோ கல்யாணப் புடவைகளில் விழுந்த பூவெல்லாம் வெளிச்சமாக விழுந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், அதை நான் கடைசி வரிசையில் நின்று கேட்டேன். ஒரு கால் மணி நேரம் எனக்கு உலகத்தில் யார் மேலும் பொறாமை இல்லை.

கால் மணி நேரம்தான். பாட்டு முடிந்ததும் சபை ஐயர் வந்தார். பாதிரியாரை எங்கள் ஊரில் ஐயர் என்றுதான் சொல்வார்கள். நேராக மல்லிகாவிடம் போய், அடிபட்ட காலோடு இவ்வளவு செய்தாயே தாயே என்று கைகூப்பினார். மரம் அவள் பந்தலிலிருந்து வண்டி ஏறியதை ஊரே பார்த்திருந்தது. மல்லிகா பதறிப்போய், “ஐயோ, நான் இல்லீங்க, எங்க அக்காதான்” என்று என்னைக் கைகாட்டினாள். ஐயர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மறுபடி அவளைத்தான் பார்த்தார்.

அடுத்த வருஷம் முள்ளிப்பட்டு தேவசகாயம் முதற்கொண்டு ஏகப்பட்ட பேர் அட்டை மரம் கேட்டு வந்தார்கள். மரத்தை வெட்டவேண்டாம், வருஷா வருஷம் வாங்கவேண்டாம், கூண்டைப் பிரித்து வைத்தால் அடுத்த வருஷமும் ஆகும், விலையும் இரண்டு ரூபாய். வந்தவர்கள் எல்லோரும் போய் நின்றது மல்லிகாவிடம். அவள் ஒருவர் விடாமல் என்னிடம் அனுப்பினாள். ஒவ்வொருவரிடமும், செய்தது அக்காதான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். அப்படி அனுப்பப்பட்ட ஒரு அம்மாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு என்னிடம் சொன்னது:

“உங்க ஓரகத்திக்கு எவ்ளோ பெரிய மனசும்மா! தான் செஞ்சத உங்க பேர்ல சொல்லிகினு கீது. இந்தக் காலத்துல யார் செய்வாங்க?”

அட்டைப்பெட்டியில் வந்த மரம்

விழுந்த வேலியை நாங்கள் திரும்பக் கட்டவில்லை. மார்கழியில் என் சவுக்கு நுனி, அவள் தொட்டி, எங்கள் அட்டை மரம் மூன்றும் ஒரே வாசலில் நின்றன. கையில் இருப்பதற்கு ஏற்ற மாதிரி ஆட்கள் எடுத்துப் போனார்கள். அவள் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டம் அதிகமாக இருந்தால் இன்னும் எனக்குள் சுருக்கென்று இருக்கும். ஆனால் முன்போலச் சோறு இறங்காமல் போகவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் ரோசம்மா வந்தாள். ரிட்டயராகிவிட்டிருந்தாள். வாங்க வரவில்லை, சொல்லிவிட்டுப் போக வந்திருந்தாள். கடைத்தெருவில் புதிதாகத் திறந்த பேன்சி ஸ்டோரில் பிளாஸ்டிக் மரம் வந்திருக்கிறதாம். இலை கொட்டாதாம், தண்ணீர் ஊற்றவேண்டாமாம், மடித்துப் பெட்டியில் போட்டுப் பரண்மேல் வைத்துவிடலாமாம். அவள் வீட்டுக்கு ஒன்று வந்தாகிவிட்டது.

அன்று சாயங்காலமே நானும் மல்லிகாவும் வளையல் வாங்குகிற மாதிரி அந்தக் கடைக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் அது நின்றது. மின்மினி விளக்கு போட்டிருந்தார்கள். சுற்றிலும் எங்கள் வாடிக்கைக்காரர்கள். மல்லிகா கிட்டே போய் ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தாள், விரலை மோந்து பார்த்தாள். திரும்பியபோது அவள் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. உதடு இறுகி, கண் சுருங்கி, கழுத்து நரம்பு தெரிந்தது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷமும் என் கண்ணாடியில் நான் பார்த்த முகம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அந்த நிமிஷத்தில்தான் அவள் மேல் எனக்கு முழுசாகப் பாசம் வந்தது. என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

“அடுப்புக்கும் ஆவாது, மண்ணுக்கும் ஆவாது. அக்கா, இத இன்னான்னு சொல்லித் திட்டறது?”

இத்தனை வருஷம் மரம் விற்றதில் நான் கண்டது, பொறாமைப்பட ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள், கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து பொறாமைப்பட ஒருத்தி கிடைத்தாள் என்பதுதான்.